ஏழாவது அடி

எங்கள் ஊர்க் கோயில் மணியின் வடத்தை நான் முதன்முதலாகப் பிடித்தபோது எனக்கு 11 வயது. இப்போது 63 ஆகிறது. வேலையின் பொருட்டுத் தூத்துக்குடியிலும் பாளையங்கோட்டையிலும் குடியிருந்த ஆண்டுகளிலும், சனிக்கிழமை கடைசிப் பேருந்தில் ஊர் வந்து சேர்ந்து, ஞாயிறு ஆராதனைக்கு முதல் மணியை நானே அடிப்பதை வழக்கமாக வைத்திருந்தேன். இதைப் பற்றி என் மனைவி சொல்வதையெல்லாம் எழுதினால் கோயில் காரியத்தை எழுதுகிற பதிவுக்கு ஒவ்வாது.

சாத்தான்குளத்துக்குப் பக்கத்தில், தேரி மணலும் பனங்காடும் சூழ்ந்த சிற்றூர் எங்களுடையது. மெஞ்ஞானபுரத்தின் 192 அடிக் கோபுரத்தையோ, பாளையங்கோட்டை ஊசிக்கோபுரத்தையோ பார்த்துப் பழகியவர்கள் எங்களுடையதைக் கோபுரம் என்று ஒப்புக்கொள்ளவே தயங்குவார்கள். ஆனால் மணிக்கு வேண்டியது உயரம் மட்டும் அன்று, காற்றும்தான். ஆனி, ஆடி மாதங்களில் மேற்கேயிருந்து கச்சான் காற்று வீசும்போது கிழக்கே இருக்கும் விளைகளில் பனையேறுகிறவர்களுக்கு அதிகாலை மணி காதருகே அடிப்பது போலக் கேட்கும். கீழ்க்காற்றாகிய கொண்டல் திரும்பிவிட்டால் அதே ஆட்கள், ‘இன்னைக்கு மணி அடிச்சியளா, இல்லியா?’ என்று வந்து கேட்பார்கள். திருச்செந்தூரில் பூசை மணி கேட்ட பிறகே கட்டபொம்மன் உணவில் கை வைப்பார் என்றும், அதற்காகப் பாஞ்சாலங்குறிச்சி வரை வழிநெடுக மணி மண்டபங்கள் இருந்தன என்றும் எங்கள் சீமையில் சொல்வார்கள். அந்த மண்டபங்களில் இருந்த ஆட்கள் காற்று மாறிய நாளில் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றும்.

எனக்கு மணியடிக்கக் கற்றுக்கொடுத்தவர், கோயிலின் அன்றாட வேலைகளைப் பார்த்துக்கொண்ட அன்றைய கோயில்குட்டியார். உறவு முறையில் எனக்குப் பெரியப்பா. தேங்காய் நார் வடம், ஆள் உயரத்துக்குக் கீழே வியர்வை பட்டுக் கறுத்து வழுவழுப்பாக இருக்கும். அதற்கு மேலே சொரசொரப்பாகவே இருக்கும். அந்தக் கறுப்புக்கு மேலே பிடித்தால் மணி என்னைத் தரையிலிருந்து தூக்கிவிடும் என்பதை அவர் சொல்லித் தரவில்லை; தூக்கிய பிறகு சிரித்தார். முதல் இரண்டு, மூன்று இழுப்புகளுக்குச் சத்தமே வராது. மணி மெல்ல ஆடத் தொடங்கி, ஆட்டம் போதிய அகலத்துக்கு வந்த பிறகுதான் நாக்கு போய் விளிம்பில் படும். ‘ஏல, அது மேல போகும்போது கூடப் போ. நின்னு திரும்புத நேரம் பாத்து இழு’ என்பார். அந்த நின்று திரும்பும் நொடியைக் கை தானாக அறிந்துகொள்ள எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

இங்கிலாந்தில் இந்தக் கலை வேறொரு பாதையில் வளர்ந்திருக்கிறது. அங்கே மணியை முழுச் சக்கரத்தில் பூட்டி, வாய் மேல்நோக்கி நிற்கும் நிலையிலிருந்து ஒவ்வோர் இழுப்புக்கும் ஒரு முழுச் சுற்றுச் சுற்ற விடுகிறார்கள். ராகம் வாசிப்பதில்லை, மணிகள் ஒலிக்கும் வரிசையை மாற்றிக்கொண்டே போகிறார்கள், ஒருமுறை வந்த வரிசை மறுபடி வரக் கூடாது. 7 மணிகளுக்கு 5,040 வரிசைகள்; அடித்து முடிக்க ஏறத்தாழ மூன்று மணி நேரம். 8 மணிகளுக்கு 40,320. அதையும் 1963-இல் லஃபரோவில் எட்டுப் பேர், ஆள் மாற்றாமல், ஏறத்தாழ 18 மணி நேரத்தில் அடித்து முடித்தார்கள். நம் நாட்டில் அவ்வாறு சுழன்று ஒலிப்பதற்கென்று தொங்கவிட்ட எட்டு மணிகள் புனேயின் பரிசுத்த நாமக் கோயிலில் இருக்கின்றன. ஒற்றை மணிக்காரனாகிய எனக்கு இதில் பொறாமை இல்லை என்று சொன்னால் அது பொய்.

எங்கள் மணியில் இப்போது ஒரு கீறல் இருக்கிறது. மணி வெண்கலத்தில் நூற்றுக்கு 22 பங்கு அளவில் தகரமும் மீதி செம்பும் கலந்திருக்கும். அந்தத் தகரம்தான் நாதத்தைக் கொடுக்கிறது, அதுவேதான் உலோகத்தை நொறுங்கும் தன்மையுள்ளதாகவும் ஆக்குகிறது. அச்சு துருப்பிடித்து மணி ஆடாமல் போன வருடம், செலவைக் குறைக்கலாம் என்று யாரோ சொன்ன யோசனையின் பேரில், நாக்கிலேயே கயிற்றைக் கட்டி இழுக்கத் தொடங்கினார்கள். ஆடும் மணியில் நாக்கு பட்டதும் விலகிவிடும். கட்டி இழுக்கும் நாக்கு அதிர்கிற விளிம்போடு ஒட்டி நின்று அதை நெரிக்கும். வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னேன், மூன்றாம் முறை சொல்லாமல் இருந்துவிட்டேன். பத்து மாதத்தில் விளிம்பிலிருந்து நாலு விரற்கடை நீளத்துக்கு மயிரிழை போல ஒரு கோடு வந்தது. இன்று ஒலிபெருக்கியில் பதிவு செய்த மணியோசையைப் போடுகிறார்கள். அது எந்த ஊர் மணியோ தெரியாது. கச்சானுக்கும் கொண்டலுக்கும் ஒரே மாதிரி கேட்கிறது.

துக்க மணிக்கு மட்டும் இன்னும் எங்கள் மணியைத்தான் கேட்கிறார்கள். அதற்கு ஆட்டக் கூடாது. மேலே ஏறி, நாக்கைக் கையில் பிடித்து ஒரே அடி அடித்து, உடனே விலக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிறகு பரமண்டல ஜெபத்தை வாய்க்குள் முழுவதும் சொல்லி, ஆமென் சொன்ன பிறகே அடுத்த அடி. இந்தக் கணக்கும் பெரியப்பா கொடுத்ததுதான். அவ்வாறு விட்டு விட்டு வரும் ஓசையைக் கேட்டால் பனை உச்சியில் பாளை சீவிக்கொண்டிருப்பவரும் கத்தியை நிறுத்திவிட்டு, யாருக்கு என்று கீழே பார்த்துக் கேட்பார்.

என் அம்மா இறந்தபோது எனக்கு 41 வயது. வேறொருவரை அனுப்பலாம் என்று எங்கள் குருவானவரான சேகரத்து ஐயர் சொன்னார், நான் கேட்கவில்லை. மணியில் அப்போது கீறல் இல்லை. கோபுரத்தின் மேல் வெயிலில் நின்று, ஜெபத்தைச் சொல்லிச் சொல்லி, இருபத்தொரு அடி அடித்துவிட்டு இறங்கினேன். பெரியப்பா அப்போது படுத்த படுக்கையாக இருந்தார். அடக்கத்துக்கு வர முடியவில்லை. மறுநாள் நான் அவரைப் பார்க்கப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, ‘ஏழாவது அடிய அவசரப்பட்டுட்டியேல’ என்றார்.

உண்மைதான். ‘எங்கள் கடன்களை’ என்ற இடத்துக்குப் பிறகு எனக்கு வார்த்தை வரவில்லை.