டைப்பிங் சென்டர் லேப்டாப் லினக்ஸுக்கு மாறியது

திண்டிவனத்தில் சின்னதாக ஒரு டைப்பிங் சென்டர் நடத்துகிறேன். வாடகை ஒப்பந்தம், மனு, டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம், வில்லங்கச் சான்று பிரிண்ட், இதுதான் பிழைப்பு. கடையில் ஒரு லேப்டாப், மூன்றாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம். அதைவிடப் பழைய டெஸ்க்டாப் ஒன்றும் உண்டு. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் நின்றுபோனது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி மெஷினில் வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். என் லேப்டாப் அதன் வாசலைக்கூட மிதிக்க முடியாது. ஓராண்டு நீட்டிப்பு வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். அடுத்த அக்டோபரில் திரும்ப இதே தலைவலிதானே? ஆதார் நகலும் பத்திர நகலும் வந்து போகிற மெஷினை அப்டேட் இல்லாமல் நெட்டில் விடவும் மனசு ஒப்பவில்லை.

விண்டோஸுக்குப் பதில் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் சிஸ்டத்தைப் போடலாம் என்று முடிவெடுத்ததும் தெரிந்தவர்களிடம் எது நல்லது என்று விசாரித்தேன். லினக்ஸில் பல வகை உண்டாம், ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். லுபுண்டு, எம்எக்ஸ், பப்பி, ஆன்டிஎக்ஸ். ஒவ்வொருவரும் தான் சொல்வதுதான் இருப்பதிலேயே லேசானது என்றார்கள். ஒருவர்கூட என் கடையில் என்ன வேலை நடக்கிறது என்று கேட்கவில்லை.

கேட்டவன் எங்கள் தெருவில் இன்ஜினியரிங் படிக்கும் ஒரு பையன். விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழு ஒன்று இயங்குகிறது, அங்கே போய்வருபவன். “அக்கா, எந்த லினக்ஸ்னு அப்புறம் பாக்கலாம். காலையில கடை திறந்ததுல இருந்து என்னென்ன செய்றீங்கன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் கொடுங்க” என்றான். எழுதிப் பார்த்தபோது எனக்கே வியப்பு. பாதிக்கு மேல் பிரவுசரில் முடிகிற வேலை. மீதியில் தமிழ் டைப்பிங், பழைய வேர்டு கோப்புகள், போட்டோவைச் சுருக்குவது, ஸ்கேன், பிரிண்ட். கடைசி வரியில் ஓர் உரக்கடைக்காக டாலியில் போடும் கணக்கு. அதை மட்டும் வட்டம் போட்டான். டாலி விண்டோஸில் ஓடுவதற்கென்றே செய்தது, வளைத்து நெளித்து லினக்ஸில் ஓட்டலாம், ஆனால் அடுத்தவர் கணக்கை வைத்து அந்த விளையாட்டு வேண்டாம் என்றான். அது டெஸ்க்டாப்பிலேயே இருக்கட்டும், நெட் இணைப்பைக் கழற்றிவிடலாம் என்று பேசிக்கொண்டோம்.

லேப்டாப்புக்கு லினக்ஸ் மின்ட் 22, அதில் பழைய மெஷினுக்கும் ஒத்துவரும் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. இதைவிட லேசானவை இருக்கின்றனவே என்றேன். ராம் 1 ஜிபி என்றால் ஆன்டிஎக்ஸ் போட்டிருப்பானாம். 4 ஜிபி இருக்கும்போது பழகிய ஸ்டார்ட் மெனு மாதிரியே ஒன்று கீழே இடது மூலையில் இருப்பதுதான் முக்கியம், 2029 வரை அப்டேட்டும் வரும் என்றான். இன்னொன்றும் சொன்னான்: சிஸ்டம் எவ்வளவு லேசாக இருந்தாலும் பிரவுசர் லேசாகாது. உண்மைதான். பத்து டேப் திறந்து வைத்தால் இப்போதும் மூச்சு வாங்குகிறது.

பென் டிரைவில் ஏற்றி, எதையும் இன்ஸ்டால் செய்யாமல் அதிலிருந்தே ஓட்டிப் பார்த்தோம். சவுண்ட் வந்தது, ஸ்கேனர் வந்தது. வைஃபை வரவில்லை. அந்தச் சிப்புக்கான டிரைவர் தனியாக இறக்க வேண்டியது. அதை இறக்க நெட் வேண்டும், நெட்டுக்கு அந்த டிரைவர் வேண்டும். பையன் அசரவில்லை. என் போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி போன் நெட்டை லேப்டாப்புக்குத் தரும் டெதரிங்கை ஆன் செய்தான். உடனே நெட் வந்துவிட்டது. அப்படியே டிரைவர் மேனேஜரைத் திறந்தால் அதுவே எது தேவை என்று காட்டியது. புதிதாக மாறுகிறவர்கள் ஒரு போன் கேபிளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய ஹார்ட் டிஸ்க்கை அழிக்க எனக்குத் தைரியமில்லை. அழிக்கவே வேண்டாம் என்றுதான் அவனும் சொன்னான். ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான எஸ்எஸ்டி, 256 ஜிபியில் ஒன்று வாங்கி லேப்டாப்பில் போட்டு அதில் மின்ட். பழைய டிஸ்க் விண்டோஸோடு அப்படியே ஒரு யூஎஸ்பி கேஸுக்குள் போனது. கழற்றும் முன் ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டு ஷட் டவுன் கொடுத்தான். விண்டோஸ் 10 சாதாரணமாக ஷட் டவுன் ஆகும்போது பாதித் தூக்கத்தில்தான் போகிறதாம். அப்படி விட்டால் லினக்ஸில் அந்த டிஸ்க்கைத் திறந்து படிக்கலாமே தவிர, அதில் எதையும் எழுத விடாது. வேகம் கூடியதில் லினக்ஸுக்குப் பங்கு உண்டு. ஆனால் பெரிய பங்கு எஸ்எஸ்டிக்குத்தான், அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

நான் பயந்தது தமிழ் டைப்பிங்குக்கு. என் கை தமிழ்99 விசைப்பலகையை அறியாது. இன்ஸ்டிட்யூட்டில் மெஷினில் தட்டி ஹையர் பாஸ் செய்த கை, கொம்பை முன்னால் அடித்தே பழகியது. தங்கிலீஷில் அடி, தமிழாகிவிடும் என்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல்தான் வரும். ஐபஸ் என்ற மென்பொருளோடு அதன் எம்17என் பொதியையும் சேர்த்து இறக்கி, ஒருமுறை லாக் அவுட் செய்து உள்ளே வந்தால் தமிழுக்கு வரிசையாகப் பல விசைப்பலகைகள். தமிழ்99, இன்ஸ்கிரிப்ட், ஃபொனெட்டிக், அவற்றோடு டைப்ரைட்டர். விண்டோஸ் கீயும் ஸ்பேஸும் சேர்த்துத் தட்டினால் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறுகிறது. அன்று மாலையே ஒரு மனுவை முழுதாக அடித்தேன்.

பழைய கோப்புகள்தான் படுத்தின. எந்த மெஷினிலும் எழுத்து மாறாமல் தெரிவதற்கான யூனிகோடு முறைக்கு 2010-லேயே தமிழக அரசு ஆணை போட்டுவிட்டது. ஆனாலும் என்னிடம் இருப்பதில் பெரும்பகுதி யூனிகோடு அல்லாத வானவில் எழுத்துருவில் அடித்தவை. லினக்ஸில் வேர்டுக்குப் பதில் இருக்கும் லிப்ரே ஆபீஸில் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துக் குப்பை. எழுத்துருப் பெட்டியில் பெயர் சாய்வாகத் தெரிந்தால் அந்த எழுத்துரு மெஷினில் இல்லை என்று அர்த்தம் என்பதைப் பையன் காட்டினான். கடைக்குக் காசு கொடுத்து வாங்கிய எழுத்துருதான், அதைப் பழைய டிஸ்க்கிலிருந்து எடுத்து ஹோம் ஃபோல்டரில் மறைந்திருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் போட்டதும் தமிழ் வந்தது. கன்ட்ரோலும் ஹெச்சும் அழுத்தினால் மறைந்த ஃபோல்டர்கள் தெரியும்.

விண்டோஸுக்கான லதா எழுத்துருவில் இருந்த வாடகை ஒப்பந்தம் வேறு விதமாகக் கழுத்தறுத்தது. முத்திரைத்தாளில் மேல் பாதி அச்சடித்தது, கீழே மிச்சமுள்ள இடத்தில்தான் நம் எழுத்து தொடங்க வேண்டும். எழுத்துரு மாறியதும் வரிக்கு வரி இடைவெளி கூடி, முதல் பக்கத்தில் முடிய வேண்டிய பாரா இரண்டாம் பக்கத்துக்கு இறங்கியது. இது லினக்ஸ் தெரிந்தவருக்குத் தெரியாது, முத்திரைத்தாளில் அடிக்கிறவருக்குத்தான் தெரியும். அதனால் நானே உட்கார்ந்து எல்லாவற்றையும் நோட்டோ தமிழ் எழுத்துருவுக்கு மாற்றி, வரி இடைவெளியைப் பாயின்ட் கணக்கில் கட்டிவைத்து, வெள்ளைத்தாளில் அடித்து முத்திரைத்தாள் மேல் வைத்து வெளிச்சத்தில் பிடித்துச் சரிபார்த்தேன்.

போட்டோ வேலை எளிதாக முடிந்தது. டிஎன்பிஎஸ்சிக்கு 20 முதல் 50 கேபிக்குள் படம் வேண்டும். படம் திருத்தும் கிம்ப் மென்பொருளில் ஜேபெக்காக எக்ஸ்போர்ட் செய்யும்போது பிரிவியூவை டிக் செய்தால், தரத்தைக் குறைக்கக் குறைக்கக் கோப்பின் அளவு அங்கேயே மாறிக் காட்டுகிறது. முன்பு சேவ் செய்து, பார்த்து, திரும்பச் சேவ் செய்துகொண்டிருந்தேன்.

பிரிண்டர் பாதிக் கிணறுதான் தாண்டியது. என்னுடையது பழைய லேசர். பட்டியலில் பெயர் வந்தது, கொடுத்த வேலை முடிந்தது என்றும் காட்டியது, பேப்பர் மட்டும் வரவில்லை. பையனுக்கும் பிடிபடாததால் குழுவில் கேட்கச் சொன்னான். “பிரிண்ட் வரலன்னு மட்டும் எழுதாதீங்க அக்கா” என்றவன், மின்டில் சிஸ்டம் ரிப்போர்ட்ஸ் என்ற இடத்தைத் திறந்து மெஷின் விவரம் முழுவதையும் காப்பி எடுத்தான். அதோடு பிரிண்டர் மாடல், எந்தக் கேபிள், எதை அழுத்தினேன், திரையில் என்ன வந்தது என்று வரிசையாக எழுதினோம். பதில் அன்றே வந்தது. அந்த மாடலுக்கு டிரைவர் உண்டு, ஆனால் பழைய 32 பிட் மெஷின் காலத்தது, கூடுதலாகச் சில பொதிகள் போட்டால் ஓடும், பெரிய அப்டேட் வரும்போது மறுபடி நிற்கலாம். புதிதாக வாங்குவதானால், போனிலிருந்தே நேராகப் பிரிண்ட் கொடுக்க உதவும் ஏர்பிரிண்ட் வசதி உள்ளதாகப் பார்த்து வாங்கினால் டிரைவரே வேண்டாம் என்றும் சேர்த்திருந்தார்கள்.

ஆள் நிற்கிற நேரத்தில் நின்றுபோகக்கூடிய பிரிண்டர் எனக்கு ஆகாது. அதை டெஸ்க்டாப்பில் மாட்டிவிட்டேன். பிடிஎஃப் பென் டிரைவில் போகிறது. உரக்கடைக்காரர் ஏப்ரலில் கணக்கை ஆடிட்டர் ஆபீஸுக்கே மாற்றப்போகிறாராம். மாற்றினால் டெஸ்க்டாப்பிலும் விண்டோஸுக்கு வேலையில்லை, அதில் ஆன்டிஎக்ஸ் போடலாம் என்று பையன் இப்போதே சொல்லிவைத்திருக்கிறான். அதற்குள் ஒரு பிரிண்டருக்குக் காசு சேர்க்க வேண்டும்.