வசனத்திலிருந்து முளைக்கும் வழக்கங்கள்

மார்ச் 4

வேதபாட வகுப்பு மாற்கு ஏழாம் அதிகாரத்துக்கு வந்துவிட்டது. இயேசுவின் சீஷர்கள் கை கழுவாமல் சாப்பிட்டதை, நியாயப்பிரமாணத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்த யூதப் பிரிவினரான பரிசேயர் குற்றம் பிடிக்கும் பகுதி. நடத்துவதற்குச் சுலபமான அதிகாரம் என்பார்கள். பரிசேயர் கெட்டவர்கள், நாம் வேதத்தின் பக்கம், ஆமென், வீட்டுக்குப் போகலாம். எனக்கு அப்படி நடத்த மனமில்லை.

அந்தக் கை கழுவுதலுக்கே வேதத்தில் ஒரு வேர் இருக்கிறது. ஆசாரியர்கள் ஆசரிப்புக் கூடாரத்துக்குள் போகுமுன் கைகால்களைக் கழுவவேண்டும் என்று யாத்திராகமம் 30 சொல்கிறது. அதை எல்லார் வீட்டுச் சாப்பாட்டுக்கும் நீட்டியதுதான் மூப்பர்களின் பாரம்பரியம் என்று பலரும் விளக்குகிறார்கள். ஜனங்கள் அனைவரும் ஆசாரியரைப் போலப் பரிசுத்தமாய் இருக்கட்டுமே என்ற ஆசை. ஆசையில் தப்பில்லை. கட்டளை பெறாதவனையும் குற்றவாளி ஆக்கினார்களே, அங்கேதான் சிக்கல்.

மார்ச் 6

இன்று முழுக்கக் கொர்பான்தான்.

ஒருவன் தன் தகப்பனிடமோ தாயிடமோ, "உங்களுக்கு நான் செய்யக்கூடிய உதவி கொர்பான், அதாவது தேவனுக்குக் காணிக்கை" என்று சொல்லிவிட்டால் போதும், அதற்குமேல் அவர்களுக்கு எதுவும் செய்யவேண்டியதில்லை. பேராசைக்கார மகனின் தந்திரம் என்றுதான் பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம். ஆனால் மாற்கு 7:12-ஐ நிதானமாக வாசித்தால் இயேசுவின் கோபம் மகன்மேல் இல்லை. அவன் பெற்றோருக்கு எதையும் செய்ய *நீங்கள் விடுவதில்லை* என்று போதகர்களைத்தான் சொல்கிறார். அவன் மனம் மாறி உதவ நினைத்தாலும், "பொருத்தனை பொருத்தனைதான், தேவனுக்கு நேர்ந்தது நேர்ந்ததுதான்" என்று தடுத்தவர்கள் இவர்கள்.

அவர்கள் கையிலும் வசனம் இருந்தது. எண்ணாகமம் 30:2, கர்த்தருக்குப் பொருத்தனை பண்ணினவன் தன் சொல்லை மீறக்கூடாது என்கிறது. ஆக, மனுஷ பாரம்பரியம் என்பது எங்கோ வெளியிலிருந்து வந்து சபைக்குள் நுழைந்த சரக்கு இல்லை. ஒரு வசனத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டே போய், "தகப்பனையும் தாயையும் கனம்பண்ணு" என்ற இன்னொரு வசனத்தின் மேலேயே போட்டு மூடிவிட்டார்கள். "எங்களுக்கு வசன ஆதாரம் இருக்கிறது" என்று யாராவது சொன்னால் இனி நான் அத்தோடு சமாதானம் ஆகப்போவதில்லை. வனாந்தரத்தில் பிசாசும் 91-ஆம் சங்கீதத்தைச் சொல்லித்தானே சோதித்தான்.

மார்ச் 7

வகுப்புக்கு வரும் தம்பி ஒருவர் போன் செய்தார். ஆலயக் கட்டடத்துக்கு ஒரு தொகை தருவதாகப் பொருத்தனை செய்திருக்கிறார். இப்போது அப்பாவுக்கு அறுவை சிகிச்சை. "அண்ணா, அந்தப் பணத்தை எடுக்கலாமா? தேவனுக்கு நேர்ந்ததைத் தொட்டால் சாபம் வரும் என்கிறார்களே."

எடுங்கள் என்றேன். யோசித்துத்தான் சொன்னேன். பொருத்தனையைத் தாமதிக்காமல் செலுத்து என்று பிரசங்கி 5:4 இருக்கிறது, அதை மறைக்க முடியாது. ஆனால் லேவியராகமம் 27 பொருத்தனைகளுக்கென்றே எழுதப்பட்ட அதிகாரம். நேர்ந்தவன் ஏழையாயிருந்தால் அவன் சக்திக்குத் தக்கபடி ஆசாரியன் மதிப்பிடவேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. நியாயப்பிரமாணம் விட்டுவைத்த இரக்கத்தைச் சாப வாக்கு சொல்லி அடைப்பவர் அந்தப் பரிசேயரைவிட எந்த விதத்தில் மேல்? சபையின் பொறுப்பாளர்களிடம் போய்த் தவணை கேளுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை என்றேன்.

மார்ச் 9

வேதத்தில் இல்லாமலே வேதத்தில் இருப்பதாக நாம் நினைத்துக்கொண்டிருப்பவற்றை வகுப்புக்காக ஒரு சின்னப் பட்டியலாக எழுதிப் பார்த்தேன். குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த சாஸ்திரிகள் மூன்று பேர் என்று மத்தேயு சொல்லவில்லை, ராஜாக்கள் என்றும் சொல்லவில்லை. ஏதேனில் ஆப்பிள் இல்லை. இவற்றால் பெரிய கெடுதல் ஒன்றுமில்லை. நாடகத்தில் மூன்று பையன்கள் கிரீடம் வைத்துக்கொண்டு வரட்டும், விடுங்கள்.

மகதலேனா மரியாள் விஷயம் அப்படியல்ல. லூக்கா 7-ல் வரும் பாவியான ஸ்திரீக்குப் பெயரே இல்லை. 591-ஆம் ஆண்டளவில் போப் முதலாம் கிரகோரி ஒரு பிரசங்கத்தில் இருவரையும் ஒருவராக்கினார். உயிர்த்தெழுந்தவரை முதலில் கண்ட சாட்சியான மகதலேனா மேற்கத்திய சபையில் ஆயிரம் வருஷத்துக்கு மேல் திருந்திய வேசியாகவே அறியப்பட்டாள். 1969-ல் கத்தோலிக்கத் திருவழிபாட்டு நாள்காட்டியைத் திருத்தியபோது இருவரையும் பிரித்தார்கள். நம் பிரசங்க மேடைகளில் இன்னும் பிரிந்தபாடில்லை.

மார்ச் 12

சரி, மறுபக்கம். வேதத்தில் கட்டளை இல்லாததெல்லாம் தள்ளவேண்டியதா? ஓய்வுநாளில் ஜெப ஆலயத்துக்குப் போவது இயேசுவின் வழக்கம் என்று லூக்கா 4:16 சொல்கிறது. ஜெப ஆலயம் கட்டு என்று மோசேயின் பிரமாணத்தில் எங்கே இருக்கிறது? யோவான் 10:22-ல் பிரதிஷ்டைப் பண்டிகையின்போது அவர் தேவாலயத்தில் உலாவுகிறார். அதுவும் மோசேக்கு எத்தனையோ நூற்றாண்டுகள் கழித்து, மக்கபேயர் காலத்தில் வந்த பண்டிகை. எரேமியா 35-ல் ரேகாபியர் தங்கள் தகப்பன் சொன்னதற்காகத் திராட்சரசம் குடிக்காமல், வீடு கட்டாமல் இருக்கிறார்கள். முழுக்க மனுஷ கட்டளை. கர்த்தர் அவர்களைப் பாராட்டுகிறார்!

அதே நேரத்தில், வெண்கல சர்ப்பம் தேவன் செய்யச் சொன்னது. ஜனங்கள் அதற்குத் தூபங்காட்டத் தொடங்கியதும் எசேக்கியா ராஜா அதை உடைத்துப்போட்டான், மோசே செய்தது என்றும் பார்க்கவில்லை. ஆக, யார் தொடங்கினார்கள் என்பதை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது. இப்போது அது என்ன செய்துகொண்டிருக்கிறது என்று பார்க்கவேண்டும்.

மார்ச் 14

"எங்களுக்குப் பாரம்பரியமே கிடையாது, வேதம் மட்டும்தான்" என்று சொல்லும் நண்பரோடு நீண்ட பேச்சு. அவர் விரல் வைத்துக் காட்டும் வசன எண்களே 1551-ல் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சகர் புதிய ஏற்பாட்டுக்குப் போட்டவை என்றேன். புதிய ஏற்பாட்டின் 27 புத்தகங்களையும் இன்றுள்ளபடியே பட்டியலிட்டு நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய கடிதம் அலெக்சாந்திரியாவின் பேராயர் அத்தனாசியுஸ் 367-ல் எழுதியது. நண்பருக்குக் கோபம் வந்துவிட்டது. நான் வேதத்தைக் குறைத்துப் பேசவில்லை. 1546-ல் கத்தோலிக்கப் பேராயர்கள் கூடிய திரெந்து சங்கம் பாரம்பரியத்தையும் வேதத்தையும் சமமான பக்தியோடு ஏற்கவேண்டும் என்றது, அதோடு எனக்கு உடன்பாடில்லை. வேதம்தான் நியாயாதிபதி. ஆனால் தன் பாரம்பரியத்துக்குப் பெயர் வைக்காதவர் அதை எப்படி வேதத்துக்கு முன் நிறுத்தி விசாரிப்பார்?

மார்ச் 16

வகுப்பு முடிந்தது. எதிர்பார்த்தபடியே பேச்சு லெந்து நாட்களில், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய உபவாச நாட்களில், வந்து நின்றது. "நாற்பது நாள் உபவாசம் வேதத்தில் கட்டளை இல்லையே, அப்போ நிறுத்திவிடலாமா?" என்று ஓர் அக்கா கேட்டார். ஆண்டவர் வனாந்தரத்தில் இருந்த நாற்பது நாள்தான் கணக்கு. தொடக்க காலத்தில் சிலர் ஒரு நாள், சிலர் இரண்டு நாள், சிலர் அதற்கும் அதிகம் உபவாசித்தார்கள், ஆனாலும் சமாதானமாக இருந்தார்கள் என்று இரண்டாம் நூற்றாண்டுப் பேராயர் இரேனேயுஸ் எழுதியதை யூசிபியஸ் தன் சபை வரலாற்றில் எடுத்துவைத்திருக்கிறார். அதைச் சொல்லி, விரும்பினால் வையுங்கள், வைக்காதவரை அளக்காதீர்கள் என்றேன்.

பின்வரிசைப் பெரியவர் ஒருவர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "இப்படிச் சொன்னால் நாளைக்கு ஒருவரும் உபவாசிக்கமாட்டார்கள்" என்றார். அப்படி நடக்கவும் கூடும். அடுத்த வாரம் மாற்குவைச் சற்றுத் தள்ளிவைத்து, உபவாசத்தைப் பற்றிய ஏசாயா 58-ஐயும், ஒருவரையொருவர் நியாயந்தீர்க்காதிருப்பதைப் பற்றிய ரோமர் 14-ஐயும் சேர்த்து வாசிக்கலாம் என்று முடிவு. முதலில் பேசுவதாக அந்தப் பெரியவரே ஒப்புக்கொண்டார்.