வெள்ளைத்தாள் ஒட்டிய பிளெக்ஸ்

கல்லூரி வாசலில் பிளெக்ஸ் அப்படியே நிற்கிறது, ஆனால் பேச்சை ரத்து செய்துவிட்டு, சிறப்புப் பேச்சாளர் பெயர் மேல் மட்டும் வெள்ளைத்தாள் ஒட்டிவிட்டார்கள்.

பசை சரியாக ஒட்டவில்லை போல. வெயிலில் ஓரம் சுருண்டு, இனிஷியலும் பாதிப் பெயரும் எட்டிப் பார்க்கின்றன.

கீழே நாற்பது ஐம்பது பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். மைக்குக்கு அனுமதி இல்லையாம். ஒரு பொண்ணு எழுந்து, "அவர் சொல்றது எனக்கே பிடிக்காது சார், கேள்வி கேக்கத்தான் கூப்பிட்டோம்" என்றது. வாட்ச்மேன் அண்ணன் என்ன செய்வார், பாவம், தலையை ஆட்டினார்.

எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள்.

1965 ஜனவரி 25-ல் இந்தித் திணிப்பை எதிர்த்து மாணவர்கள் ஊர்வலம் போய், மதுரை வடக்கு மாசி வீதியில் கலவரமாகி, அது தமிழ்நாடு முழுக்கப் பரவிய ஊர் இது. அந்தப் போராட்டத்தில் மாணவர் தலைவராக இருந்த பெ. சீனிவாசன்தான் 1967-ல் விருதுநகரில் காமராஜரையே 1,285 ஓட்டில் தோற்கடித்தார். 2017-ல் ஜல்லிக்கட்டுக்காகத் தமுக்கம் மைதானத்தில் ராப்பகலாக உட்கார்ந்ததும் இதே வயசுப் பிள்ளைகள்தான்.

இப்படிப்பட்ட பிள்ளைகள் இருக்கும்போது, கல்லூரி நிர்வாகத்துக்கு ஒரு பேச்சைக் கண்டு ஏன் இவ்வளவு பயம் என்றுதான் புரியவில்லை.

அடுத்த வாரம் வேறொருவர் வருகிறாராம். தலைப்பு: 'மேடை பயம் போக்குவது எப்படி?'