ஃப்ரீசரைக் காலி செய்த நாட்கள்

ஜனவரி 6

மூன்றாம் எண் ஃப்ரீசர் முனகிக்கொண்டே இருக்கிறது. புதியது வந்துவிட்டது, ஆனால் அளவில் இதில் பாதிதான். மனநோய் ஆய்வுக்காகச் சேர்த்த ரத்த மாதிரிகளில் எதை வைப்பது, எதை எறிவது என்று முடிவு செய்யும் வேலை என் தலையில். மைனஸ் 80 டிகிரிக்கு இரண்டு கையுறை போட்டும் விரல் மரத்துப்போகிறது. முதல் தட்டில் பாதி லேபிள்கள் எத்தனால் பட்டு அழிந்திருக்கின்றன. ஒன்றில் '2003' மட்டும் மிச்சம்.

ஜனவரி 8

அந்தப் பெட்டிதான். நான் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்த வருடம். மூளையில் செய்தி கடத்தும் வேதிப்பொருள்களில் ஒன்றான செரோடோனினைக் கையாளும் 'செரோடோனின் கடத்தி' ஜீனின் குட்டை வடிவம் இருப்பவர்களை வாழ்க்கையின் அடிகள் எளிதில் மனச்சோர்வில் தள்ளும் என்று 2003-இல் ஒரு கட்டுரை வந்தது. கேட்கவே எவ்வளவு அழகு! ஊரே அதன் பின்னால் ஓடியது, நானும் ஓடினேன். இருநூற்றுச் சொச்சம் பேரின் ரத்தம். மொத்தமாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. ஆண்களை மட்டும் பார்த்தேன், பெண்களை மட்டும் பார்த்தேன், வயதைப் பிரித்தேன். கடைசியில் ஒரு மூலையில் 0.04 வந்தது, அதாவது அந்த முடிவு தற்செயலாக வரும் வாய்ப்பு நூற்றில் 4. கட்டுரையும் அச்சானது. 2019-இல் லட்சக்கணக்கானோரை வைத்து, மனச்சோர்வுக்குப் பேர்போன 18 ஜீன்களைச் சோதித்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கிய ஜீன்களைவிட அவை எதுவும் தேறவில்லை.

எங்களுக்கு முன்னாலும் இது நடந்ததுதான். 1987-இல் அமெரிக்காவில் ஆமிஷ் என்ற கிறிஸ்தவச் சமூகத்தின் குடும்பம் ஒன்றில், மிகை உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறுக்கான இடம் 11-ஆம் குரோமோசோமில் இருப்பதாகச் சொன்னார்கள். அப்புறம் அந்தக் குடும்பத்தில் மேலும் இருவருக்கு நோய் வந்தது, உறவினர் சிலரையும் கணக்கில் சேர்த்தார்கள், முடிவு சரிந்தது. 1989-இல் அதை அந்தக் குழுவே எழுதியது. என் 0.04-ஐப் பற்றி நான் அப்படி எழுதவில்லை.

ஜனவரி 9

அலாரம். மைனஸ் 62. எல்லாவற்றையும் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினேன்.

ஜனவரி 14

புது மாணவன், "ஏன் மேடம் இத்தனை ஆயிரம் பேர் வேணும்?" என்றான். மரபணுத்தொகுதி முழுவதையும் துழாவும்போது ஒரு முடிவை நம்ப, தற்செயலாக அது வரும் வாய்ப்பு பத்துக் கோடியில் 5-க்கும் கீழே இருக்க வேண்டும். என்னுடையது நூற்றில் 4. அவன் சிரித்துவிட்டான், நானும்.

மனச்சிதைவு நோயில் 2014-இல் 36,989 நோயாளிகளைச் சேர்த்த பிறகுதான் மரபணுத்தொகுதியில் நோயோடு தொடர்புள்ள 108 இடங்கள் தெரிந்தன. 2022-இல் 76,755 பேர், 287 இடங்கள். அநேகமாக எல்லாமே ஆபத்தைத் துளி துளியாகக் கூட்டுபவை. இவற்றில் வலுவான சமிக்ஞை 6-ஆம் குரோமோசோமில். 2016-இல் அதைக் குடைந்து பார்த்தபோது, கிருமிகளை அடையாளமிட உதவும் சி4 என்ற ஜீன் அகப்பட்டது. மூளையில் நரம்பு இணைப்புகளைக் கத்தரிக்கும் வேலையிலும் அதற்குப் பங்கிருக்கிறது. மனநோய் பற்றிய கேள்விக்கு நோய் எதிர்ப்பு மண்டலத்திலிருந்து பதில் வரும் என்று 2003-இல் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

ஜனவரி 17

பழைய ஒப்புதல் படிவங்கள் பலவற்றில் மாதிரியைப் பிற ஆய்வகங்களோடு பகிர இடமில்லை. அதனால் மருத்துவர் வழியாக மறுபடி கேட்கிறோம். இன்று மாதிரி கொடுத்த ஒரு நோயாளியின் தாய் நேரிலேயே வந்தார். மகனுக்கு நோய் எங்கிருந்து வந்தது என்பதுதான் முதல் கேள்வியே, "என் பக்கமா டாக்டர், அவர் பக்கமா?" நான் வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன், அவர் காதில் வாங்கவில்லை.

பெரும்பாலும் இரண்டு பக்கமும்தான், கொஞ்சம் கொஞ்சமாக, என்றேன். அந்தத் துளிகள் என்னிடமும் இருக்கும். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு மனச்சிதைவு இருந்தாலும், மற்றவருக்குப் பாதிக்குப் பாதிகூட வருவதில்லை.

"அவங்க வீட்ல இருபது வருஷமா என்னைத்தான் சொல்றாங்க."

கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப என் பையன் ரத்தத்துல என்னதான் தெரிஞ்சுது?" என்றார். அது மட்டுமாக எதையும் சொல்லாது, ஆயிரக்கணக்கானோரோடு சேர்ந்தால்தான் பேசும் என்றேன்.

"சரி, வெச்சுக்கோங்க." கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பேனாவைப் பத்திரமாக மூடிக் கொடுத்தார்.

ஜனவரி 20

ஒப்புதல் கிடைக்காதவை எரிப்புக்குப் போய்விட்டன. 2003 பெட்டியையும் வெட்கத்தில் தூக்கிப் போட இருந்தேன். படிவங்களைப் பார்த்தால் பகிர அனுமதி இருக்கிறது. மாதிரிகள் ஒரு தப்பும் செய்யவில்லையே. குழாய்களின் அடியிலிருந்த குறியீட்டைப் பதிவேட்டோடு ஒத்துப்பார்த்து, புதிய லேபிள்களில் பென்சிலால் எழுதினேன். முடிக்க மதியம் மூன்றாகிவிட்டது.