செல்லாத நோட்டு

போன வாரம் அரிசி டின்னுக்குள் பால் டப்பாவை விட்டு அள்ளியபோது துணிமுனை ஒன்று விரலில் தட்டியது. இழுத்துப் பார்த்தேன். பழைய புடவைக் கிழிசலில் பர்மாவின் 5,000 கியாட் நோட்டுகள் ஏழு, நான்காக மடித்து, நூலால் இறுகக் கட்டியிருந்தன. முடிச்சைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பூக்கட்டுகிறவர்கள் போல இரண்டு சுற்று சுற்றி நடுவில் இழுத்து முடிவது அம்மாவின் கை. காலையில் என்ன சாப்பிட்டாள் என்று கேட்டால் சொல்ல மாட்டாள். முடிச்சு மட்டும் பிசகவில்லை.

அந்தப் பணத்துக்காகத்தான் இரண்டு வாரத்துக்கு முன் வீடே இரண்டுபட்டது. அம்மாவைப் பார்த்துக்கொள்ள வரும் பர்மியப் பெண்ணைத் "திருடி" என்று அம்மா கைநீட்டிச் சொல்லிவிட்டாள். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்தச் சொல்லுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை; சுவரோரமாக நின்று அழுதாள். நான் செய்த தவறு அதைவிடப் பெரியது. அவளுடைய பையைத் திறந்து பார்த்தேன். டின்னில் பணம் கிடைத்த அன்று அவள் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். இன்னும் என் மனம் ஆறவில்லை.

அம்மாவுக்கு அல்சைமர் என்ற மறதிநோய். வயது 82. புதிதாக நடப்பதைப் பதிந்துவைக்கும் மூளைப்பகுதியைத்தான் இந்த நோய் முதலில் தாக்கும் என்று மருத்துவர் விளக்கினார். ஒளித்து வைப்பது அவளேதான்; ஆனால் ஒளித்தது மனதில் பதியாது. தேடும்போது பணம் இருந்த இடத்தில் இல்லை. இல்லையென்றால் யாரோ எடுத்திருக்க வேண்டும். அவளிடம் மிஞ்சியிருக்கும் நினைவைக் கொண்டு பார்த்தால் அந்தக் கணக்கு சரிதான். இதே நோயுள்ளவர்கள் இருக்கும் வீடுகளில் வேலைக்கு வரும் பெண்கள் மீதும் மருமகள்கள் மீதும் இந்தப் பழி விழுகிறது. தயவுசெய்து முதலில் அரிசி டின்னைப் பாருங்கள், தலையணை உறையைப் பாருங்கள், சாமிப் படத்தின் பின்னால் பாருங்கள்.

ஏன் பணத்தையே ஒளிக்கிறாள் என்று யோசித்தால், ரங்கூனில் வாழ்ந்த ஒருத்திக்கு அதற்குக் காரணம் வேறு வேண்டுமா? 1964 மார்ச்சில் கடைகளை அரசு எடுத்துக்கொண்டது. தாத்தாவின் கடையும் போனது. அதே ஆண்டு மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாதவை ஆயின. அம்மாவுக்கு அப்போது 21 வயது. அவள் அண்ணன் கப்பலேறி மதராஸ் போனார். நகையையும் பணத்தையும் கொண்டுபோக விடவில்லை. அம்மா இங்கேயே தங்கி, குடும்பம் நடத்தி, மறுபடி சேர்த்தாள். 1987 செப்டம்பர் 5ஆம் தேதி 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாது என்று ஒரே நாளில் அறிவித்தார்கள். மாற்றித் தரவும் இல்லை. 75 கியாட் நோட்டு புழக்கத்துக்கு வந்து அப்போது இரண்டு ஆண்டுகூட நிறைந்திருக்கவில்லை. 2021இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபின் ஏ.டி.எம். வாசல்களில் விடியுமுன்பே வரிசை நின்றதை மாடியிலிருந்து பார்த்தாள். அப்போதுதான் நோயும் தலைகாட்டத் தொடங்கியிருந்தது. ஒளிப்பதை நோய் அவளுக்குக் கற்றுத்தரவில்லை. எங்கே ஒளித்தோம் என்பதை மட்டும் பிடுங்கிக்கொண்டது.

முதல் நினைவாற்றல் பரிசோதனையின்போது மருத்துவர் பர்மிய மொழியில் கேட்டார். அம்மா பேசாமல் இருந்தாள். சந்தையில் சரளமாகப் பேரம் பேசியவள்தான். பிற்பாடு கற்ற மொழி முன்னதாக நழுவிக்கொண்டிருந்தது. நான் தமிழில் கேட்டதும் வாய் திறந்தாள். நாட்டின் தலைநகரம் எது? "ரங்கூன்." இப்போதைய தலைநகரான நேப்பிதோ என்ற பெயர் அவள் காதில் எத்தனை முறை விழுந்திருக்குமோ, உள்ளே தங்கவில்லை. மதிப்பெண்ணில் கைவைக்க வேண்டாம், ஆனால் தமிழில் கேட்டால் எவ்வளவு தேறுகிறாள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவரும் குறித்துக்கொண்டார். வைட்டமின் பி12, தைராய்டு இரண்டுக்கும் ரத்தம் எடுத்தார்; அவை குறைந்தாலும் மறதி வரும், அதைச் சரிசெய்துவிடலாம் என்றார். இரண்டும் சரியாகவே இருந்தன.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சென்ற மழைக்காலத்தில் இரண்டே நாளில் அம்மா அடியோடு மாறிப்போனாள். எங்களையே தெரியவில்லை, இரவெல்லாம் பிதற்றல். நோய் முற்றிவிட்டது என்று உட்கார்ந்து அழுதோம். பார்த்தால் சிறுநீரில் தொற்று. மருந்து கொடுத்ததும் ஒரு வாரத்தில் பழைய நிலைக்குத் திரும்பினாள். இந்த மறதி மெல்ல மெல்லத்தான் கூடும். திடீரென்று கூடினால் காத்திருக்காமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

மாலைதான் கடினமான நேரம். வெளிச்சம் மங்கினால் மூட்டை கட்டத் தொடங்குவாள். "அண்ணன் கப்பலுக்கு நிற்கிறான், நேரமாகுது." ஒருநாள் பொறுமையிழந்து, மாமா செத்து 20 வருஷம் ஆகிறது அம்மா என்று சொல்லிவிட்டேன். அப்போதுதான் சேதி கேட்டவள் போல நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். அரைமணியில் அழுத காரணம் மறந்துபோயிற்று. துக்கம் மட்டும் இரவு முழுக்க அவளோடு இருந்தது. அன்றோடு அப்படிச் சொல்வதை விட்டேன். இப்போது "மாமாவுக்கு வழிக்கு என்ன கட்டிக் கொடுக்கலாம்?" என்று கேட்பேன். புளிச்சோறு, கருவாடு, எலுமிச்சை ஊறுகாய் என்று அடுக்குவாள். அதிலேயே பரபரப்பு தணிந்துவிடும். மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாத ஊர் இது. ஐந்து மணிக்கே பேட்டரி விளக்கை ஏற்றிவிடுகிறோம். நிழல் விழுந்தால் பயப்படுகிறாள்.

பணத்துக்கு ஒரு பிஸ்கட் டின் கொடுத்தேன். அவள் கட்டிலருகில், கண்ணில் படும்படி இருக்கும். சின்ன நோட்டுகளாகப் போட்டு வைத்திருக்கிறேன். தினமும் நானும் அந்தப் பெண்ணும் உட்கார, அம்மா எண்ணுவாள். எச்சில் தொட்டு, ஒவ்வொரு தாளாக நீவி வைப்பாள். "செல்லுமா?" என்பாள். "செல்லும்" என்பேன். அந்தப் பெண்ணும் இந்த ஒரு சொல்லை நன்றாகவே சொல்லக் கற்றுக்கொண்டாள். ஒளிப்பது நிற்கவில்லை, ஆனால் குறைந்திருக்கிறது. "திருடி" என்ற சொல் அதற்குப் பிறகு வரவில்லை.

நேற்று அம்மாவின் பெட்டியில் துணி அடுக்கும்போது அடியில் ஒரு காகித உறை கிடைத்தது. உள்ளே 75 கியாட் நோட்டுகள், ஒரு கட்டு. அப்பா இருந்தவரை இதைப் பற்றி வீட்டில் பேச்சே எழுந்ததில்லை. ஒரு தாளை எடுத்து மற்றவற்றோடு டின்னில் கலந்து வைத்தேன். மாலையில் எண்ணிக்கொண்டே வந்தவள் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். "செல்லுமா?" என்று கேட்கவில்லை. தனியே மடித்து என் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

"இது செல்லாதுடி. உங்கப்பாகிட்ட சொல்லிடாதே."

சொல்ல மாட்டேன் என்றேன்.