பச்சை உடம்பும் காலை ஓட்டமும்

பாப்பா பிறந்து ஒன்பதாவது வாரம், மார்கழி மாதம், விடிந்தும் விடியாத நேரத்தில் காரைக்குடிக்குப் பக்கத்தில் கானாடுகாத்தானில், என் தாய்வீட்டுத் தெருவில் ஓட ஆரம்பித்தேன். பள்ளியில் 800 மீட்டர் ஓடியவள், கல்யாணத்துக்கு அப்புறமும் காரைக்குடியில் அழகப்பா வளாகத்துப் பக்கம் தினமும் நாலைந்து கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தவள் என்பதால் இது ஒரு பெரிய விஷயமாகவே எனக்குத் தோன்றவில்லை. நாலாவது வீட்டைத் தாண்டுவதற்குள் சிறுநீர் கசிந்து சுடிதார் நனைந்துவிட்டது. வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் யாரும் பார்க்காதபடி துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக்கொண்டு திரும்பி வந்து, அம்மாவிடம்கூடச் சொல்லாமல் துணியை அலசிப் போட்டேன்.

இதை வெளிப்படையாக எழுதக் காரணம் இருக்கிறது. பிள்ளை பெற்ற உடம்பில் இப்படி நடக்கலாம் என்று எனக்கு ஒருத்தர்கூட முன்கூட்டிச் சொல்லவில்லை. பிறகு நான் வாய்விட்டுச் சொன்னபோதுதான் அத்தை மகள், பக்கத்து வீட்டு அக்கா, கூடப் படித்தவள் என்று ஒவ்வொருத்தராக "எனக்கும் இருக்கு" என்றார்கள். தும்மினால், இருமினால், குடத்தைத் தூக்கினால். ஒருத்தருக்குப் பத்து வருஷமாக. எல்லாரும் இதைப் பிள்ளை பெற்றதற்குக் கொடுக்கிற விலை என்று நினைத்து உள்ளேயே வைத்துக்கொண்டிருந்தார்கள். சரிசெய்யக்கூடிய ஒன்று என்று யாருக்கும் தெரியவில்லை.

என் கதை இதுதான். கர்ப்பத்துக்கு முன் எடை 58 கிலோ. பிரசவத்துக்குப் போனபோது 73. சுகப்பிரசவம், தையல் போட்டார்கள். பத்து நாள் கழித்துப் பார்த்தால் 66. ஹீமோகுளோபின் 9.2தான் இருந்தது. வயிறு மட்டும் ஆறாவது மாதம் போலவே நின்றது.

தாய்வீட்டில் ஆயாவின், அதாவது என் பாட்டியின், பத்தியம். காலையில் வெறும் வயிற்றில் பிரசவ மருந்து: சுக்கு, திப்பிலி, கருப்பட்டி, நல்லெண்ணெய் எல்லாம் சேர்த்துக் கிண்டியது, பெரிய நெல்லிக்காய் அளவு உருண்டை, மறுபடி சாயங்காலம் ஒன்று. மத்தியானம் பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, சில நாள் பால்சுறாப் புட்டு, கருவாடு. வாரத்தில் இரண்டு நாள் உளுந்தங்களி. இதில் பெரும்பாலானதை இன்றைக்கும் மதிக்கிறேன். கீரை, மீன், உளுந்து, பூண்டு என்று ஆயா தட்டில் வைத்தது புரதமும் இரும்பும் உள்ள நல்ல சாப்பாடு. அம்மாவும் ஆயாவும் மாறி மாறிச் சமைத்துத் தந்து, நாற்பது நாள் என்னை ஒரு வேலையும் தொடவிடாமல் படுக்க வைத்ததற்கு நான் எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது. ஒன்றே ஒன்றில்தான் அவர்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. தண்ணீரை அளந்து கொடுத்தார்கள். பச்சை உடம்பு, தண்ணீர் குடித்தால் வயிறு தொங்கிப்போகும் என்றார்கள். பால் கொடுக்கிறவளுக்குத் தண்ணீர் குறைந்தால் மலம் கட்டிப்போகும், தையலோடு முக்கவேண்டி வரும், அந்த முக்கல் ஏற்கெனவே தளர்ந்திருக்கும் இடுப்புத்தளத் தசைகளை (சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் அடியிலிருந்து தாங்குகிறவை) இன்னும் கீழே தள்ளும். இந்த வரிசை எனக்குப் பிறகுதான் புரிந்தது. இப்போது யாராவது பிள்ளை பெற்றிருக்கிறாள் என்று கேள்விப்பட்டால் நான் முதலில் சொல்வது தண்ணீரைப் பற்றித்தான்.

ஐந்தாவது வாரம் நானாகவே ஒரு தப்புச் செய்தேன். பெயர் சூட்டிய அன்றைக்கு எடுத்த புகைப்படத்தைப் பார்த்துவிட்டு, ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தி ஓட்ஸ் கஞ்சி மட்டும் குடித்தேன். நாலே நாளில் பாப்பா மார்பை விட்டுவிட்டு அழ ஆரம்பித்தாள், எனக்குத் தலை சுற்றியது. முதல் ஆறு மாதம் பால் கொடுக்கும் தாய்க்கு வழக்கத்தைவிட நாளுக்கு 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்று நம் நாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். சொல்கிறது, அதற்கடுத்த ஆறு மாதத்துக்கு 520. ஏறக்குறைய ஒரு வேளைச் சாப்பாடு அது. நான் கூட்டவேண்டிய இடத்தில் குறைத்திருந்தேன். பழையபடி சாப்பிட ஆரம்பித்ததும் பாப்பா அடங்கினாள்.

கசிவுக்கு வருவோம். நான் பார்த்த மருத்துவர் "இதெல்லாம் சகஜம்மா, போகப்போகச் சரியாயிடும்" என்று சொல்லி, அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். அந்தப் பதில் எனக்கு வருத்தமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது. கூடப் படித்தவள் ஒருத்தி சொல்லி, மதுரையில் பெண்களுக்கான ஒரு பிசியோதெரபிஸ்டைப் போய்ப் பார்த்தேன். அவர் என்னைப் படுக்கவைத்துத் தலையை மட்டும் தூக்கச் சொல்லி, தொப்புளுக்கு மேலே விரல்களை வைத்து அழுத்திப் பார்த்தார். வயிற்றின் நடுவில் மேலிருந்து கீழாக இரண்டு பட்டைத் தசைகள் இருக்கின்றன, பிள்ளை வளர வளர அவற்றுக்கு நடுவிலிருக்கும் இணைப்பு இழுபட்டு அகன்றுபோகும். எனக்கு இரண்டரை விரல் இடைவெளி. ஆறாவது மாதம் போலத் தெரிந்த வயிற்றில் பாதி கொழுப்பே இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எத்தனை பட்டினி கிடந்தாலும் அது போயிருக்காது.

பிரசவத்துக்குப் பிறகு ஓடத் தொடங்குவது பற்றி 2019-இல் பிரிட்டன் பிசியோதெரபிஸ்டுகள் மூன்று பேர் ஒரு வழிகாட்டி எழுதியிருக்கிறார்கள், மதுரைப் பிசியோதெரபிஸ்ட் அதை வைத்துத்தான் எனக்குச் சொன்னார். எவ்வளவு சீக்கிரம் என்றாலும் 12 வாரத்துக்கு முன்னால் ஓடக் கூடாது. அதற்கப்புறமும் கசிவு இருந்தாலோ, அடிவயிற்றில் ஏதோ கனமாகக் கீழே இறங்குவது போல இருந்தாலோ ஓடக் கூடாது. பன்னிரண்டு வாரம் முடிந்த அன்றைக்கு எழுந்து ஓடிவிடவும் முடியாது, ஒரு பரீட்சை உண்டு: அரை மணி நேரம் வலியில்லாமல் நடக்க வேண்டும், ஒற்றைக் காலில் பத்து விநாடி நிற்க வேண்டும், ஒற்றைக் காலில் பத்து முறை உட்கார்ந்து எழ வேண்டும், நின்ற இடத்திலேயே ஒரு நிமிடம் ஓட வேண்டும், ஒவ்வொரு காலிலும் பத்து முறை நொண்டியடிக்க வேண்டும். குதிகாலைத் தூக்கி ஒற்றைக் காலில் இருபது முறை எம்பவும் வேண்டும்.

எனக்கு அன்றைக்கு எட்டு முறைதான் எம்ப முடிந்தது. 800 மீட்டர் ஓடிய கால். அதைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்த மாதம் முழுக்க வீட்டின் உள்முற்றப் பகுதியான வளவில்தான் கழிந்தது. எங்கள் வீடு நாலு பங்காளிகளுக்குப் பொதுவான பழைய வீடு, மற்ற மூன்று பங்குக்காரர்களும் வெளியூரில் இருப்பதால் வளவு காலியாகத்தான் கிடக்கும். பாப்பா தூங்கும் நேரத்தில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் பாயைப் போட்டுப் படுத்து, முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்கி இறக்குவேன். தூணைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் எம்புவேன், வாரம் போகப்போகத் தூணிலிருந்து கையை எடுத்தேன். இடுப்புத்தளத் தசைக்கான பயிற்சி தனி. சிறுநீரையும் வாயுவையும் ஒரே நேரத்தில் அடக்குவது போல உள்ளே இறுக்கி மேலே இழுத்து, சில விநாடி பிடித்து, முழுசாக விட வேண்டும். ஒரு தடவைக்குக் குறைந்தது எட்டு, நாளுக்கு மூன்று தடவை, குறைந்தது மூன்று மாதம். முழுசாக விடுவதும் இறுக்குவதற்குச் சமமாக முக்கியம் என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். மறந்துபோகாமல் இருக்க இதைப் பால் கொடுக்கும் நேரத்தோடு சேர்த்துக்கொண்டேன். பாப்பா வாய் வைத்ததும் நானும் தொடங்குவேன். சும்மா இருக்கும்போது ஒன்று, குழந்தையைத் தூக்குவதற்கு முன்னால் ஒன்று என்று பழக்கிக்கொண்டதில், தும்மல் வரும்போது உடம்பு தானாகவே இறுக்கிக்கொள்ளப் பழகியது. பதினோராவது வாரம் தும்மினேன், ஒன்றும் ஆகவில்லை. அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அப்போதுதான் அம்மா தனக்கும் இருபத்தெட்டு வருஷமாக அது இருப்பதைச் சொன்னார்.

பதினான்காவது வாரம் எல்லாப் பரீட்சையும் தேறினேன், தை மாதக் கடைசியில் மறுபடி தெருவுக்குப் போனேன். ஒரு நிமிடம் ஓட்டம், ஒன்றரை நிமிடம் நடை என்று தொடங்கி ஒன்பது வாரத்தில் ஐந்து கிலோமீட்டருக்குக் கொண்டுபோகும் அட்டவணை ஒன்று இருக்கிறது, 1996-இல் ஜாஷ் கிளார்க் என்ற அமெரிக்கர் வகுத்தது. அதைத்தான் எடுத்துக்கொண்டேன், ஆனால் கையில் கடிகாரம் கட்டவில்லை. எங்கள் ஊர் வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முகப்பு ஒரு தெருவில் இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும், நடுவில் ஒரே சுவர் நீளமாகப் போகும். அந்தச் சுவர்தான் எனக்கு அளவு. ஒரு சுவர் ஓடுவேன், அடுத்த சுவர் நடப்பேன், மூச்சு அடங்கவில்லையென்றால் இன்னொரு சுவரும் நடப்பேன். வாரத்தில் மூன்று நாள் மட்டும். ஆறாவது வாரம் இரண்டு சுவர் ஓட்டம், ஒரு சுவர் நடை என்று வந்தது. அட்டவணையில் ஒன்பது வாரம் என்று இருப்பது எனக்குப் பதினான்கு வாரம் ஆனது. பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்த வாரமும், ராத்திரி நாலு தடவை எழுந்த வாரமும் ஓடவே இல்லை. தூக்கமில்லாமல் ஓடினால் அடிவயிறு கனக்கிறது என்பதை இரண்டு முறை பட்டுத் தெரிந்துகொண்டேன்.

ஒரு பெண் ஓடுவதை எங்கள் தெரு அவ்வளவாகப் பார்த்ததில்லை. பால்காரர் முதல் நாள் வண்டியை நிறுத்தி, "என்னத்தா, பிள்ளைக்கு எதுவும் முடியலையா? ஏறிக்கத்தா, ஆஸ்பத்திரியில விட்டுடறேன்" என்றார். அவர் முகத்தில் இருந்த பதற்றம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. விளக்கிச் சொன்னேன். அடுத்த வாரத்திலிருந்து நாய் குறுக்கே வந்தால் அவரே விரட்டிவிட்டார்.

ஆயாவுக்குக் கவலை வேறு. ஓடினால் உடம்பு சூடாகிப் பால் சுண்டிப்போகும் என்றார். மிதமான உடற்பயிற்சியால் பாலும் குறையாது, குழந்தையின் வளர்ச்சியும் பாதிக்காது என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னதை ஆயாவிடம் சொன்னேன், நம்பவில்லை. மாதாமாதம் பாப்பாவின் எடையை எழுதிக்கொண்டு வந்து காட்டினேன், அப்புறம் பேசாமல் இருந்தார். ஒன்று மட்டும் நடைமுறையில் முக்கியம்: பால் கட்டிய மார்போடு ஓட முடியாது, வலிக்கும். ஐந்து மணிக்குப் பால் கொடுத்துவிட்டு ஐந்தரைக்குக் கிளம்புவேன். செருப்புக் கடையில் இன்னொரு விஷயம் தெரிந்தது. பழைய ஷூ இறுக்கியது. கர்ப்பத்தில் பாதம் தளர்ந்து நீள்வது பலருக்கும் நடப்பதுதான், ஒரு அளவு பெரியதாக வாங்கினேன்.

சாப்பாட்டில் நான் மாற்றியது கொஞ்சம்தான். எங்கள் பக்கம் சாயங்காலம் இடைப்பலகாரம் இல்லாமல் இருக்காது, அதுவும் பிள்ளை பெற்றவள் வீட்டில் வெள்ளைப் பணியாரம், சீயம், கந்தரப்பம் என்று எண்ணெய்ச் சட்டி இறங்காது. பார்க்க வருகிறவர்களுக்காகச் சுடுவது, வருகிறவர்களோடு சேர்ந்து நானும் சாப்பிடுவது. அதைப் பாசிப்பயறுச் சுண்டலாகவும் அவித்த கொண்டைக்கடலையாகவும் மாற்றிக்கொண்டேன், ஞாயிற்றுக்கிழமை மட்டும் பணியாரம். கும்மாயத்தை மட்டும் விடவில்லை, பருப்பும் கருப்பட்டியும் சேர்ந்த அது ஓடிவிட்டு வந்த உடம்புக்கு நன்றாகத்தான் இருந்தது, நெய்யைக் குறைத்துக் கிண்டச் சொன்னேன். மத்தியானம் தட்டில் பாதி காய்கறித் துவட்டலும் கீரை மசியலும், கால் பங்கு சோறு, மீதி மீனோ முட்டையோ பருப்போ. மீனைப் பொரிக்காமல் குழம்பில் போடச் சொன்னேன். ராத்திரி இடியாப்பம் இரண்டு, கூட முட்டை. எடையைக் குறைக்கும் வேகத்தை நானே கட்டுப்படுத்திக்கொண்டேன், மாதம் ஒரு கிலோ இறங்கினால் போதும் என்று வைத்துக்கொண்டேன்.

மாத்திரையைப் பற்றியும் சொல்லவேண்டும். அரசுத் திட்டத்தில் பிரசவத்துக்குப் பிறகு 180 நாள் இரும்புச்சத்து மாத்திரை தருகிறார்கள், நிறையப் பேர் வீட்டுக்கு வந்ததும் டப்பாவோடு அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். நானும் முதல் மாதம் காபியோடு முழுங்கினேன். காபி, டீ, பால் எல்லாமே இரும்பை உடம்பில் சேரவிடாது. மத்தியானம் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து எலுமிச்சைச் சாற்றோடு போட ஆரம்பித்தேன், கால்சியம் மாத்திரையைக் காலைக்கு மாற்றினேன். நாலாவது மாதம் ஹீமோகுளோபின் 11.4. சுவர் இரண்டு தாண்டினால் மூச்சு வாங்கியது நின்றதற்கு அதுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

ஐந்தாம் மாதம் காரைக்குடிக்கு, வீட்டுக்காரர் வீட்டுக்குத் திரும்பினேன். மாமியாரிடம் முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், காலையில் முக்கால் மணி நேரம் பாப்பாவைப் பார்த்துக்கொள்ளச் சம்மதித்தார். வைகாசியில் அழகப்பா வளாகத்துப் பக்கம் முதல் முறையாக ஐந்து கிலோமீட்டர் நிற்காமல் ஓடினேன், 41 நிமிடம் ஆனது. முன்பு 29 நிமிடத்தில் ஓடிய தூரம். அதில் எனக்கு வருத்தம் இல்லை. வீட்டுக்குள் நுழைந்தபோது உடம்பில் வியர்வை ஈரம் மட்டும்தான் இருந்தது, கசிவு இல்லை.

இப்போது பாப்பாவுக்குப் பதினோரு மாதம், என் எடை 60. தொப்புளுக்கு மேலே இன்னும் ஒரு விரல் இடைவெளி இருக்கிறது, அது அப்படியே இருந்தாலும் தசை வலுவாக இருந்தால் போதும் என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லியிருக்கிறார். போன மாதம் சளி பிடித்து ஒரு வாரம் விடாமல் இருமியதில் கசிவு ஒருநாள் எட்டிப் பார்த்தது. ஓட்டத்தை இரண்டு வாரம் நிறுத்திவிட்டு நடந்தேன், நாளுக்கு மூன்று தடவைப் பயிற்சியை மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். பக்கத்தில் அம்மாவும் உட்கார்ந்து செய்தார், அவர் அதற்கு முன்பே தொடங்கி இரண்டு மாதமாகச் செய்கிறார். தும்மல் வந்தால் எழுந்து உள்ளே போவதை நிறுத்திவிட்டார்.