ஒன்பதாவது கேள்வி

சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய கல்லூரியில், முதலாமாண்டு மாணவர் அனைவரிடமும் மனச்சோர்வைக் கண்டறியும் பி.எச்.க்யூ-9 வினாத்தாளைக் கொடுத்து நிரப்பி வாங்கினோம். கடந்த இரண்டு வாரங்களில் எதிலும் நாட்டமில்லாமல் இருந்ததா, தூக்கம் கெட்டதா, பசி குறைந்ததா என்று ஒன்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 10 அல்லது அதற்கு மேல் வந்தவர்களை அழைத்துப் பேசுவது என்று முடிவு செய்திருந்தோம். நிரப்பி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் கட்டிவைத்த தாள்கள் துறை அலமாரியில் பதினொரு நாள் கிடந்தன.

பன்னிரண்டாம் நாள் பிரித்தபோது ஒரு தாள் என்னை நிறுத்தியது. உயிரோடு இல்லாமலிருப்பதே மேல் என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ எண்ணம் வந்ததா என்று கேட்கும் ஒன்பதாவது கேள்வியில், பென்சிலால் 2-ஐ வட்டமிட்டு, அதை அழித்துவிட்டு, 0-வை வட்டமிட்டிருந்தாள் ஒரு மாணவி. அழித்த வட்டத்தின் தடம் தாளில் பள்ளமாகத் தெரிந்தது. கூட்டுத்தொகை 9. எங்கள் பட்டியலில் அவள் பெயர் வந்திருக்கவே வந்திருக்காது.

"வீட்டுக்குச் சொல்லிருவீங்களோன்னு பயந்துட்டேன் மிஸ்" என்றாள். அவள் அப்பா குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுபவர். மழையில் வெட்டு நின்றால் வீட்டில் வருமானமும் நிற்கும். சிகிச்சை பெறுபவரின் விவரங்களை மறைவாக வைத்திருக்க வேண்டும் என்று 2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்வதை அவளிடம் விளக்கினேன். அவள் சம்மதித்த பிறகே அம்மாவிடம் பேசினேன். ஊரில் தெரிந்தால் நாளைக்குக் கல்யாணப் பேச்சு தட்டிப்போகுமே என்று அவர் கலங்கினார். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கண்ணுக்கும் காதுக்கும் காட்ட வருகிறவர்களோடுதான் இதற்கும் போகப் போகிறோம், யார் எதற்கு வந்தார் என்று எவரும் கேட்பதில்லை என்றேன். மறுநாள் காலையிலேயே மூவரும் பேருந்து ஏறினோம்.

அதன் பிறகு, அன்றைக்கே படித்துப் பார்க்க ஆள் இல்லாத நாளில் இந்தத் தாளை நான் எவர் கையிலும் கொடுப்பதில்லை. வெள்ளிக்கிழமை பிற்பகலில் ஒருபோதும் கொடுப்பதில்லை. ஒன்பதாவது கேள்விக்கு 0 தவிர வேறு எந்த விடை இருந்தாலும், கூட்டுத்தொகை எவ்வளவாக இருந்தாலும், அந்த மாணவரோடு அன்றே தனியே உட்கார்ந்து பேசுகிறேன். எந்நேரமும் அழைக்கக்கூடிய, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணான 14416-ஐ அவர்கள் கைப்பேசியில் என் முன்னாலேயே பதியச் சொல்கிறேன். இந்தத் தாள் நோயை உறுதி செய்வதில்லை. இரத்தசோகையும் தைராய்டு குறைபாடும்கூட இதே சோர்வைத் தரும் என்பதால் அதை மருத்துவரிடம் விட்டுவிட வேண்டும்.

முதல் வருகையைவிட இரண்டாவது வருகைதான் கடினம். மனச்சோர்வுக்கான மருந்து பலன் காட்டச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் "ஒண்ணும் மாறலை மிஸ்" என்று நிறுத்திவிடுகிற பிள்ளைகள் உண்டு. ஆகவே அடுத்த வருகைத் தேதியை என் நாட்குறிப்பிலும் எழுதி வைக்கிறேன்.

அந்த மாணவியின் மூன்றாவது வருகைக்கு என்னை அழைக்கவில்லை. வெட்டு இல்லாத ஒரு மழை நாளில் அவள் அப்பாவே உடன் போயிருந்தார்.